உவர் என்று நான் சொன்ன நிலம்

போன வாரம் எங்கள் அமைப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள். "அண்ணே, நீங்க எட்டாவதோட நின்னுட்டீங்கன்னு சொல்றாங்க. மண்ணைப் படிக்க வந்தப்ப பயமா இல்லையா?"

பயம் இல்லாத ஒரு நாளைச் சொல்லு என்று என்னிடம் கேட்டிருந்தால்தான் யோசிக்க வேண்டியிருந்திருக்கும். பதினெட்டு வருடம் இந்த மலையடிவாரத்தில் மண்ணை அள்ளி, பையில் கட்டி, சீட்டு எழுதி ஓய்வு பெற்றிருக்கிறேன். பை கட்டிய பிறகு சீட்டை உள்ளே போட்டேனா என்று அவிழ்த்துப் பார்ப்பேன். திரும்பக் கட்டிய பிறகு, அவிழ்த்தபோது சீட்டு விழுந்திருக்குமோ என்று இன்னொரு முறை அவிழ்ப்பேன். இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. நீங்களும் சிரிக்கலாம். ஆனால் இத்தனை கவலைப்பட்ட ஒருவன் எங்கே கோட்டை விட்டான் என்பதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். பட்டம் வாங்கிக்கொண்டு காட்டைக் காப்பாற்ற வந்திருக்கிற உங்களுக்கு, என்னிடம் கொடுப்பதற்கு இருப்பது அந்த ஒரு கதைதான்.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தேன். அது மூடியபோது எனக்கு நாற்பது வயது. மலையடிவார ஓடைகளின் கரையில் மரம் வைத்து, கரை அரிக்காமல் பார்த்துக்கொள்கிற அமைப்பு ஒன்றில் குழி வெட்டுகிற கூலியாகச் சேர்ந்தேன். அங்கே பொறுப்பில் இருந்த மேடம் மண் படித்தவர். ஒருநாள் குழியின் ஓரத்தில் வந்து நின்றார். "மண் வளச் சான்றிதழ் படிப்பு ஒண்ணு ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஞாயித்துக்கிழமை நடக்குது. அதை முடிச்சீங்கன்னா களப்பணியாளர் வேலை நிரந்தரம்" என்றார்.

"மேடம், நான் எட்டாவது."

"மண்ணு அதெல்லாம் கேக்காது. சேருங்க."

சேர்ந்தேன். என்னைத் தவிர எல்லோரும் பட்டதாரிகள், இல்லாவிட்டால் பட்டதாரி ஆகப் போகிறவர்கள். முதல் வகுப்பிலேயே தலை சுற்றியது. பிறந்ததிலிருந்து நான் செவல் என்று சொன்ன மண்ணுக்குப் புத்தகத்தில் ஒரு முழ நீளத்துக்குப் பெயர் இருந்தது. கரிசலுக்கு இன்னொன்று. ஒரே வயலில் மேலே ஒரு பெயர், இரண்டடி கீழே வேறொரு பெயர். வாத்தியார் ஈர மண்ணைக் கையில் கொடுத்து, விரலால் நாடா மாதிரி இழுக்கச் சொல்வார். எவ்வளவு நீளம் அறுபடாமல் வருகிறதோ அதை வைத்துக் களி எவ்வளவு என்று சொல்ல வேண்டும். அது மட்டும் எனக்கு வந்தது. நூல் பிடித்த விரல். மற்றதெல்லாம் குழப்பம். கார அமில நிலை ஏழு என்றால் நடு, எட்டு என்றால் களர் பக்கம் போகிறது என்பார்கள். ஒரு எண் கூடினதுக்கா இத்தனை என்று கேட்கத் தோன்றும். கேட்க மாட்டேன். கேட்டால் எட்டாவது என்று தெரிந்துவிடுமே.

படிப்பின் கடைசியில் ஒவ்வொருவரும் ஒரு நிலத்தை எடுத்து, ஆய்வகத்துக்கு மண் மாதிரி கொடுத்து, மண் வள அட்டை என்கிற கார்டை வாங்கி, அந்த நிலத்துக்கு என்ன செய்யலாம் என்று எழுத வேண்டும். எனக்குக் கூமாப்பட்டியில் மாடசாமி அண்ணாச்சியின் ஓடைக்கரை நிலம் அமைந்தது. ஒன்றரை ஏக்கர். எங்கள் அமைப்பும் அந்தக் கரையில் மரம் வைக்க அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் செங்கல் சூளைக்காரர் ஒருவரும் மேல்மண்ணுக்காக அவரைச் சுற்றிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி இரண்டு மனதாக இருந்தார்.

"இந்தா பாரு தம்பி" என்றார் முதல் நாளே. "எனக்கு ரெண்டு பக்கமும் நச்சரிப்பு. நீ மண்ண எடுத்துட்டுப் போய்ப் பாரு. நல்ல மண்ணுன்னா மரம் வைங்க. ஆகாத மண்ணுன்னா அவன் வழிச்சிட்டுப் போட்டும். மண்ணு சொல்றபடி செஞ்சிருவோம்."

மண் எங்கே சொல்லப்போகிறது? நான்தான் சொல்லப்போகிறேன். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முறைப்படி எல்லாம் செய்தேன். வரப்போரம் எடுக்கவில்லை, எருக்குழிப் பக்கம் எடுக்கவில்லை, மர நிழலில் எடுக்கவில்லை. வளைந்து வளைந்து நடந்து பத்து இடத்தில் குழி வெட்டி எடுத்தேன். ஒன்றாய்க் கலந்து, நான்காய்ப் பிரித்து, எதிர் எதிர்ப் பங்கைத் தள்ளி, அரைக் கிலோ ஆகும்வரை குறைத்தேன். முந்தின நாள் தூறியிருந்ததால் மண் ஈரமாக இருந்தது. நிழலில் காயவைத்துத்தான் கொடுக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

எங்கே காயவைப்பது? அதுதான் என் பெரிய கவலை. சிமெண்டுத் தரையில் போட்டால் சுண்ணாம்பு சேருமோ. முற்றத்தில் போட்டால் கோழி கிளறுமோ. செய்தித்தாளில் போட்டால் மை ஒட்டுமோ. ஒரு மணி நேரம் வீட்டைச் சுற்றி வந்தேன். என் வீட்டுக்காரி பார்த்துக்கொண்டே இருந்து சலித்துப் போனாள்.

"புள்ளையத் தொட்டில்ல போடக்கூட இம்புட்டு யோசிக்கல. இந்தாங்க" என்று ஒரு சாக்கை எடுத்து நீட்டினாள். மிளகாய், வற்றல், நெல் என்று எல்லாம் காயப்போடுகிற சாக்கு. உரச்சாக்கைப் பிரித்து விரித்தது. எந்த வீட்டில்தான் அது இல்லை? "மூணு தண்ணி அலசினது. நம்ம வீட்டுல இதவிடச் சுத்தமான சாமான் கிடையாது."

அப்போதும் எனக்குத் திருப்தி இல்லை. நானே நாலாவது தண்ணீர் அலசி, காயவைத்து, அதற்கு மேல் மண்ணைப் பரப்பினேன். மூன்று நாள் நிழலில் கிடந்தது. விரலால் புரட்டிக் கொடுத்தேன். தூசி விழாமல் மேலே வேட்டியைக் கட்டினேன். பக்கத்து வீட்டார் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்தார்கள்.

கார்டு வந்தது. உப்பின் நிலை தீங்கு என்று இருந்தது. சாம்பல் சத்து, அந்தக் கட்டத்துக்குள் அடங்காத ஒரு எண். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்து நிலத்தில் கொய்யா தளதளவென்று நிற்கிறது. இந்த நிலத்தில் புல் கருகி ஒருநாளும் நான் பார்த்ததில்லை. கண் ஒன்று சொல்கிறது, கார்டு ஒன்று சொல்கிறது. எதை நம்ப? கண் எட்டாவது படித்தது, கார்டு ஆய்வகத்தில் இருந்து வந்தது என்று நானே முடிவு செய்துகொண்டேன். குழப்பமாக இருக்கிறது என்று வாத்தியாரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இது கூடத் தெரியவில்லையா என்பாரோ என்று பயந்தேன்.

வியாழக்கிழமை கூமாப்பட்டி போனேன். அண்ணாச்சி கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார்.

"இதுல எனக்கு என்ன தெரியும்? ஒரே வார்த்தையில சொல்லு. ஆகுமா, ஆகாதா?"

வாழ்நாளில் எதையும் உறுதியாகச் சொல்லாதவன் அன்றைக்குச் சொன்னேன். "உவர் அண்ணாச்சி. மரம் நிக்காது."

சொன்னதும் உடம்பெல்லாம் ஒரு தெம்பு. அதிகாரி மாதிரி இருந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்பச் சரி. வார திங்கக்கிழமை காலைல சூளைக்காரன் வண்டிய வரச் சொல்லிருதேன். நிக்காத மண்ண வச்சுட்டு நான் என்ன செய்ய?" அவருடைய மனைவி பேச்சியம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றவர், ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணாச்சி, "படிச்ச ஆளு பாத்துச் சொல்லுதாரு" என்றார். பேச்சியம்மா வாயை மூடிக்கொண்டார். என்னைப் படித்த ஆள் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. வன்னியம்பட்டியிலிருந்து வருகிற செல்வராணி என் பக்கத்தில் உட்காருவாள். வேதியியல் பட்டதாரி, வாய் கொஞ்சம் அதிகம். என் கார்டை எட்டிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னண்ணே இது? பொட்டாஷ் மூட்டைக்குள்ளயே குழி வெட்டிட்டீகளா?"

"ஏம்மா?"

"இம்புட்டு சாம்பல் சத்து எந்த நிலத்துல இருக்கும்? உரக்கடையிலதான் இருக்கும். எதுல காயப்போட்டீக?"

"சாக்குல. நாலு தண்ணி அலசினது."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "உரச்சாக்கா அண்ணே?"

அதன் பிறகு வாத்தியார் நடத்தியது எதுவும் காதில் ஏறவில்லை. வகுப்பு முடிந்ததும் அவரிடம் போனேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "சாக்கா இருக்கலாம். நிலமே உவரா இருக்கவும் வாய்ப்பு இருக்கு. அந்த ஓடைப் பக்கம் அங்கங்க உண்டு. திரும்ப மாதிரி எடுங்க. கார்டு ஆய்வகம் குடுத்தது, அதுக்குப் பதில் இன்னொரு கார்டுதான் பேசணும், நாம பேசக்கூடாது" என்றார்.

"எத்தனை நாள் ஆகும் சார்?"

"ரெண்டு வாரம்."

நாளைக்குக் காலையில் வண்டி வருகிறது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் வேறு மாதிரி பேசியிருப்பார் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தேன். வெயில் இறங்கவில்லை. அந்தச் சாக்கில் மோர் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. ஒதுக்கிவிட்டு ஓரத்து மடிப்புத் தையலை பிளேடால் பிரித்தேன். உள்ளே செங்கல் நிறத்தில் பொடிப்பொடியாக, நான்கு தண்ணீருக்கும் தப்பி உட்கார்ந்திருந்தது. நாக்கில் வைத்தேன். உப்பும் கசப்பும்.

அதற்காக நிலம் நல்ல நிலம் என்று ஆகிவிட்டதா? அதுவும் இல்லை. இதைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். என் தவறு தெரிந்துவிட்டது, ஆனால் உண்மை தெரியவில்லை. உவர் இல்லை என்று போய்ச் சொன்னால் அது இரண்டாவது பொய்யாகிவிடலாம். சும்மா இருந்தால் நாளை மேல்மண் போய்விடும். மேல்மண் ஒரு முழம் போனால் திரும்ப வருவதற்கு ஒரு ஆயுள் போதாது என்று அதே வாத்தியார்தான் நடத்தியிருந்தார். தவறை ஒப்புக்கொண்டால் படிப்பு போகும், நிரந்தர வேலை போகும். மேடத்துக்கு நான்கு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. அண்ணாச்சிக்குப் போன் கிடையாது. அவருக்கு அடுத்த வீட்டு எண்ணுக்கு அடித்தால், "வெளியூர்ல இருக்கேன்யா" என்றார்.

திங்கள்கிழமை முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கிருந்து வத்திராயிருப்பு வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்தேன். போகிற வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பேச்சு. எதுவும் ஒட்டவில்லை. இறங்கி நடக்கும்போதே ஜேசிபி சத்தம் கேட்டது.

கிழக்கு ஓரத்தில் ஆரம்பித்திருந்தார்கள். ஒரு டிப்பர் நிறைந்து கிளம்பிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் சில நடை போய்விட்டது. பள்ளம் இடுப்பளவு. நான் ஓடிப்போய் எந்திரத்தின் முன்னால் நின்றேன். வீரம் எல்லாம் இல்லை. வேறு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. டிரைவர் பதறிப்போய் எந்திரத்தை அணைத்தார்.

"ஏலே, சாகுறதுக்கு வேற எடம் கெடைக்கலையா?"

அண்ணாச்சியும் சூளைக்காரரும் வந்தார்கள். நான் மூச்சு வாங்கிக்கொண்டே சாக்குக் கதையைச் சொன்னேன். பாதியிலேயே சூளைக்காரர் சிரித்துவிட்டார். "மண்ண மொளகா மாதிரி காயப்போட்டிருக்காரு. ஊறுகா போட்டீயளா சார்?"

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "அப்ப உவர் இல்லங்கியா?"

"இல்லன்னு சொல்லல அண்ணாச்சி."

"அப்ப உவருங்கியா?"

"அதுவும் சொல்லல."

"பொறவு என்ன எழவுக்குடா வண்டிய மறிக்க?"

"தெரியலன்னு சொல்லத்தான் வந்தேன் அண்ணாச்சி. அன்னைக்குத் தெரியும்னு சொன்னது தப்பு. ரெண்டு வாரம் பொறுங்க. திரும்பப் பாப்போம். உவர்னு வந்துச்சுன்னா நானே வந்து இவிய கூட மண்ணு அள்ளிப் போடுதேன்."

"தெரியலன்னு சொல்ல ராஜபாளையத்துல இருந்து பஸ் ஏறி வந்திருக்கான் பாரு" என்றார் சூளைக்காரர். "வாக்கு குடுத்தாச்சு அண்ணாச்சி. வண்டி நின்னுக்கிட்டிருக்கு. இவன் பேச்சைக் கேட்டா ஒரு வேலையும் நடக்காது."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது என் முகத்தில் எப்போதும் இருப்பது. எந்தப் பக்கமும் சாய முடியாத முகம். அதை அவருக்குக் கொடுத்தது நான்.

அப்போது பேச்சியம்மா வரப்பில் இருந்தே சத்தம் போட்டார். "வெள்ளை பூக்குமாய்யா?"

எனக்குப் புரியவில்லை. "என்னம்மா?"

"உவர் மண்ணுன்னா கோடையில வெள்ளையா பூத்துக் கெடக்குமே, சுண்ணாம்பு தெளிச்ச மாதிரி. எங்க அப்பா வீட்டு நெலத்துல பூக்கும். இங்க முப்பது வருசமா மாடு மேய்க்கேன். தெக்கு மூலையில ஒரு பாயகலத்துக்குப் பூக்கும். மத்த எடத்துல ஒரு நாளும் பூத்ததில்ல."

"இத ஏட்டி அன்னைக்கே சொல்லல?" என்றார் அண்ணாச்சி.

"என்னைய யாரு கேட்டா? படிச்ச ஆளு பாத்துச் சொல்லுதாருன்னு நீங்கதான வாய அடச்சீக."

டிரைவர், "அப்ப நான் எறங்கி டீ குடிக்கவா?" என்று கேட்டார்.

அண்ணாச்சி வண்டியைத் திருப்பி அனுப்பினார். சூளைக்காரர் போகும்போது சொன்னதை இங்கே சொல்ல முடியாது. என்னை நோக்கி அண்ணாச்சி சொன்னது இதுதான்: "ரெண்டாவது தடவ நீ மண்ணத் தொடாத. நான் எடுக்கேன், அவ காயப்போடுவா. நீ கையக் கட்டிக்கிட்டு நில்லு."

நின்றேன். அவர் எடுத்தார். பேச்சியம்மா புதுப் பாயில் பரப்பினார். தெற்கு மூலை மண்ணைத் தனியாகக் கட்டச் சொன்னதும் அவர்தான். எனக்கு அது தோன்றவே இல்லை. இரண்டு வாரத்தில் கார்டுகள் வந்தன. தெற்கு மூலையில் உப்பு கொஞ்சம் அதிகம். மற்ற நிலம் நல்ல நிலம்.

என் ரிப்போர்ட்டில் சாக்கிலிருந்து எல்லாவற்றையும் எழுதினேன். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து போடும்போது வேலை போயிற்று என்றே நினைத்தேன். மேடம் படித்துவிட்டு, "நீங்க அங்க போறதுக்கு முன்னாடி என்கிட்ட அனுமதி கேட்டீங்களா?" என்றார்.

"நாலு தடவை போன் போட்டேன் மேடம். நீங்க எடுக்கல."

"எடுத்திருந்தா, இருங்க, யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு, "நாளைக்குக் காலைல தேவதானத்துல மண் எடுக்கப் போகணும். வந்துருங்க" என்றார். அது பாராட்டா, கோபமா என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. வேலை மட்டும் நிரந்தரமானது.

உங்களுக்கு இதில் என்ன பாடம் என்று கேட்டால் எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. உரச்சாக்கில் காயவைக்காதீர்கள் என்பது உங்கள் புத்தகத்திலேயே இருக்கும். கார்டை நம்பாதீர்கள் என்றும் சொல்ல மாட்டேன். கடைசியில் கார்டுதான் நிலத்தைக் காப்பாற்றியது. கண்ணை நம்புங்கள் என்றும் சொல்ல முடியாது, தெற்கு மூலையை என் கண் பார்க்கவே இல்லை. ஒன்றைச் சொல்வேன். ஒருவர் உங்களிடம் ஆகுமா ஆகாதா என்று ஒரே வார்த்தையில் கேட்கும்போது, உங்களுக்குள் ஒரு தெம்பு வரும். அந்தத் தெம்பு வந்தவுடன் வாயை மூடிக்கொண்டு, அந்த நிலத்தில் மாடு மேய்க்கிறவர்கள் யார் என்று விசாரியுங்கள். தெரியாது என்பதை வியாழக்கிழமையே சொல்லிவிடுங்கள். திங்கள்கிழமை சொன்னால் கொஞ்சம் மண் போய்விட்டிருக்கும்.

போனது போனதுதான். இன்றைக்கு அந்தக் கரையில் மருதமும் புங்கமும் வரிசையாக நிற்கின்றன. கிழக்கு ஓரத்துப் பள்ளத்தில் மட்டும் ஒன்றும் நிற்கவில்லை. மூன்று முறை வைத்துப் பார்த்தோம். அடி மண் இறுகிக் கிடக்கிறது, வேர் இறங்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறை, மழை முடிந்த பிறகு, நான் அங்கே போய் உட்கார்ந்து மேலே படிந்திருப்பதை விரலால் சுரண்டிப் பார்ப்பேன். பக்கத்து மரங்களின் இலை விழுந்து மக்கிக் கொஞ்சம் கருப்பாகியிருக்கிறது. பேச்சியம்மா வரப்பில் இருந்து, "என்னய்யா, மண்ணாயிருச்சா?" என்று கேட்பார். பதினெட்டு வருடத்தில் அது நகக்கண் அளவு இருக்கிறது. அதை மண் என்று எழுதுவதா, தூசி என்று எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவரிடமும் அதைத்தான் சொல்கிறேன்.